விட்ட வரிக்குத் திரும்பி வருவது

பிற்பகல் 2.40. பேமென்ட் சேவையில் ஒரு கோளாறு: சில வாடிக்கையாளர்களுக்கு ரீஃபண்ட் இரண்டு முறை போகிறது. டெவலப்பர் ஒன்றரை மணி நேரமாக அதற்குள்ளேயே இருக்கிறார். பேமென்ட் கேட்வே ஒரே வெப்ஹுக்கை (நடந்ததைத் தெரிவிக்கும் தானியங்கிச் செய்தியை) இரண்டு தடவை அனுப்புவது வழக்கம்தான். அதற்காகத்தான் ஐடம்பொட்டன்சி கீ (ஒரே வேலை இரண்டு முறை நடக்காமலிருக்க ஒவ்வொன்றுக்கும் தரும் தனி அடையாளம்) வைத்திருக்கிறார்கள். ஆனால் கீ ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு டிரான்சாக்‌ஷனில் நடக்கிறது, எழுதுவது இன்னொன்றில். 40 மில்லிசெகண்ட் இடைவெளியில் இரண்டு ரிக்வெஸ்ட் வந்தால் இரண்டுமே ‘இல்லை’ என்ற பதிலைப் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்துவிடும். பார்ப்பதை விட்டுவிட்டு நேராக எழுத வேண்டும், யுனிக் இண்டெக்ஸ் (ஒரே கீ டேபிளில் இரண்டு முறை வராமல் தடுக்கும் விதி) மோதினால் அங்கேயே பிடிக்க வேண்டும், தோற்றதை மறுபடி முயலும் ரீட்ரை ஜாபிலும் இதே தப்பு ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று ஃபைல், ஒரு டேபிள், ஒரு சந்தேகம். எல்லாம் தலைக்குள் சேர்ந்து நிற்கிறது.

அப்போது ஸ்லாக்கில் ஒரு வரி: “அண்ணா, அந்த பி.ஆர். கொஞ்சம் பாத்துடுங்களேன்.” பி.ஆர். என்பது கோடு மாற்றத்தைப் பார்த்துச் சேர்க்கச் சொல்லும் வேண்டுகோள். கிட்ஹப்பைத் திறக்கிறார். பில்ட் தோற்று, சிவப்பாக இருக்கிறது. காரணம் பார்க்க, பில்டை ஓட்டும் டூலான ஜென்கின்ஸ். அங்கே லாகின் காலாவதி. ஓ.டி.பி.க்காகப் போனை எடுத்தால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஏழு செய்திகள். எடிட்டருக்கு வந்து சேரும்போது மணி 2.57. திரையில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. ரீட்ரை ஜாப் பற்றிய சந்தேகம் மட்டும் காணாமல் போயிருக்கிறது. அது எங்கேயும் எழுதப்படாமல் இருந்தது. அதனால் அது போனதும் தெரியவில்லை.

கவனச் சிதறல் என்று பொதுவாகச் சொல்வதன் உண்மையான நஷ்டம் இதுதான். 17 நிமிடம் போனது சிறிய கணக்கு. எழுதப்படாத பிடி நழுவியது பெரிய கணக்கு. டூல்களைக் குறைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் டிக்கெட்கள் இருக்கும் ஜிரா மேனேஜருக்கு வேண்டும், ஜென்கின்ஸ் டெவ்ஆப்ஸ் குழுவுக்கு வேண்டும், டீம்ஸ் கிளையன்டுக்கு வேண்டும். ஒரு டெவலப்பர் நினைத்து எதையும் எடுத்துவிட முடியாது. அவர் கையில் இருப்பது இரண்டு: வெளியே போக வேண்டிய தடவைகளைக் கொஞ்சம் குறைப்பது, திரும்பி வரும் வழியை மிகவும் சுருக்குவது. இரண்டாவதில்தான் பலன் அதிகம். பெரும்பாலோர் முயற்சி செய்யாததும் அதைத்தான்.

ஜார்ஜியா டெக்கைச் சேர்ந்த கிறிஸ் பார்னினும் ஸ்பென்சர் ருகேபரும் எக்லிப்ஸ், விஷுவல் ஸ்டுடியோ என்ற இரண்டு எடிட்டர்களிலும் பதிவான 86 பேரின் 10,000 வேலை அமர்வுகளை அலசினார்கள். ஒரு மெத்தடைத் திருத்திக்கொண்டிருக்கும்போது இடையூறு வந்தால், ஒரு நிமிடத்துக்குள் மறுபடி திருத்தத் தொடங்கியது சுமார் 10 சதவீதத் தடவைகளில்தான். மற்ற நேரங்களில் பல ஃபைல்களைச் சுற்றிச்சுற்றிப் பார்த்து, பழைய படத்தைத் தலைக்குள் மறுபடி கட்டிய பிறகுதான் கை கீபோர்டுக்குப் போகிறது. மேலாண்மை ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-ல் எழுதிய ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது: முடிக்காத வேலையை விட்டு அடுத்ததற்குப் போனாலும் கவனத்தின் ஒரு பகுதி பழையதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அவரும் தெரசா க்ளோம்பும் 2018-ல் அதற்கான மருந்தையும் சோதித்தார்கள். விட்டுப் போகும் முன் எங்கே நிற்கிறோம், திரும்பி வந்ததும் என்ன செய்யப்போகிறோம் என்று சுருக்கமாக எழுதி வைத்தவர்கள் அடுத்த வேலையையும் நன்றாகச் செய்தார்கள். ரிவ்யூ கேட்ட அந்தத் தம்பிக்குமே அது நல்லதுதான். பாதி மனத்தோடு பார்க்கும் ரிவ்யூ அவருக்கும் உதவாது.

எழுதி வைப்பது என்றதும் நோட்ஸ் ஆப் திறக்கிறார்கள். அது இன்னொரு டூல், இன்னொரு ஜன்னல். குறிப்பு இருக்க வேண்டிய இடம் கோடு (நிரல்), கர்சர் நிற்கும் அதே வரி. அதையும் கமென்டாக (கம்பைலர் கண்டுகொள்ளாத குறிப்பாக) எழுதக் கூடாது. ஏற்கெனவே முந்நூறு ‘டூடூ’ (பிறகு செய்ய வேண்டும் என்ற குறிப்பு) கிடக்கும் ரெப்போவில் (கோடு தொகுப்பில்) முந்நூற்று ஒன்றாவது கண்ணில் படாது. கமென்ட் குறி இல்லாமல், கம்பைல் ஆகாதபடி, அப்பட்டமாக எழுத வேண்டும். தமிழிலேயே எழுதலாம்: “இங்கே நில் – இன்சர்ட்டை முதலில் வை, அப்புறம் ரீட்ரை ஜாபிலும் இதே செக் இருக்கா பார்.” திரும்பி வந்து பில்டை ஓட்டினால் கம்பைலரே அந்த வரிக்கு இழுத்து வந்துவிடும். ஒரு எச்சரிக்கை: பைதான் 3-லும் ஜாவாஸ்கிரிப்டிலும் தனித் தமிழ்ச் சொல் செல்லுபடியாகும் பெயர். ‘இங்கே’ என்று ஒற்றைச் சொல்லாக விட்டால் சின்டாக்ஸ் பிழை வராது. அந்த வரி ஓடும்போதுதான் வெடிக்கும். ஒரே வரியில் இரண்டு சொல்லாவது வேண்டும்.

குறிப்பு தவறும் இடம் ஒன்றுதான்: செய்து முடித்ததை எழுதுவது. ‘வெப்ஹுக் ஹேண்ட்லரைத் திருத்தினேன்’ என்ற வரியால் பயனில்லை. அதை, மாற்றங்களைக் காட்டும் கிட் டிஃப் சொல்லிவிடும். அடுத்து என்ன, எதன்மேல் சந்தேகம் என்ற இரண்டும் இருந்தால் போதும். 30 நொடி வேலை. ‘ஒரு நிமிஷம், வந்துடறேன்’ என்று கூப்பிட்டவரிடம் சொல்லிவிட்டு இதை எழுதுவதில் யாருக்கும் மரியாதைக் குறைவு இல்லை. அந்த வரி தவறிப்போய் எல்லோரும் பகிரும் மெயின் பிராஞ்சுக்குப் போகாமலிருக்க, புஷ்ஷுக்கு (கோடைப் பொது ரெப்போவுக்கு அனுப்புவதற்கு) முன் தானாக ஓடும் ஸ்கிரிப்டான ஹுக்கில் ‘இங்கே நில்’ என்பதை கிட் கிரெப்பால் தேடி, கிடைத்தால் நிறுத்திவிடலாம். கமிட்டுக்கு முன் ஓடும் ஹுக்கில் வைக்க வேண்டாம். பாதி வேலையை லோக்கலில் கமிட் செய்ய விடாது.

இடையூறு சிறியதாக இல்லாமல், புரொடக்‌ஷன் ஹாட்ஃபிக்ஸாக (அவசரத் திருத்தமாக) வந்தால் கைகள் தானாக, முடிக்காத மாற்றங்களை ஒதுக்கி வைக்கும் கிட் ஸ்டாஷுக்குப் போகும். ஸ்டாஷில் மூன்று பள்ளங்கள் உண்டு. புதிதாக உருவாக்கி இன்னும் ஆட் செய்யாத ஃபைல்களை, ‘யூ’ ஃபிளாக் போடாவிட்டால், அது எடுத்துக்கொள்ளாது. பெயர் வைக்காமல் போட்டால் ஒரு வாரம் கழித்து ஸ்டாஷ் பட்டியலில் ஒரே மாதிரி ஆறு வரி நிற்கும். மூன்றாவதுதான் பெரிது: கோடு பத்திரமாக இருக்கும்; திறந்திருந்த டேப்கள், ஓடிக்கொண்டிருந்த சர்வர், டீபகர் நின்ற இடம், டெர்மினல் ஹிஸ்டரி எல்லாம் கலைந்துவிடும். பிராஞ்ச் மாறியதில் டிபெண்டென்சிகள் (வெளியிலிருந்து எடுத்துக்கொண்ட லைப்ரரிகள்) மாறி, திரும்பி வரும்போது மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டியும் வரலாம்.

அதற்குப் பதில் கிட் வொர்க்ட்ரீ. 2015-ல் வந்த கிட் 2.5 முதலே இருக்கிறது. இன்றைக்கும் பல குழுக்களில் பாதிப் பேர் தொட்டதில்லை. ஒரே ரெப்போவுக்குப் பக்கத்து ஃபோல்டரில் இன்னொரு பிராஞ்சைத் தனியாகத் திறக்கலாம். பழைய ஜன்னல் அப்படியே நிற்கும். முதல் தடவை செய்யும்போது நான்கு விஷயங்கள் காலை வாரும். ரகசிய அமைப்புகள் இருக்கும் டாட் என்வ் ஃபைல் கிட்டில் இல்லாததால் புது ஃபோல்டருக்கு வராது. காப்பி செய்ய வேண்டும். டிபெண்டென்சிகள் இருக்கும் நோட் மாட்யூல்ஸும் வராது. அங்கே ஒரு தடவை இன்ஸ்டால் செய்ய வேண்டும். இரண்டு சர்வரும் 3000-வது போர்ட்டைக் கேட்டு மோதும். இரண்டாவதற்கு 3001 என்று நிலையாக வைத்துவிடலாம். ஒரே பிராஞ்சை இரண்டு வொர்க்ட்ரீயில் திறக்க கிட் விடாது. ஒவ்வொரு தடவையும் புதிதாக உருவாக்காமல், ‘ரிவ்யூ’ என்று ஒரே ஒரு நிரந்தர வொர்க்ட்ரீ வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லைகளை ஒரு நாளில் தீர்த்துவிடலாம். அடுத்தவர் பி.ஆர்., ஹாட்ஃபிக்ஸ் எல்லாம் அங்கே. சொந்த வேலை நடக்கும் ஃபோல்டரில் பிராஞ்ச் மாறவே மாறாது.

ஒரே மாதிரி இரண்டு ஜன்னல் இருந்தால் ஹாட்ஃபிக்ஸைத் தப்பான ஜன்னலில் திருத்துவது நடக்கும். வி.எஸ். கோடில் அந்த ஃபோல்டரின் செட்டிங்ஸில் டைட்டில் பாருக்கு மட்டும் வேறு நிறம் கொடுக்கலாம். ரிவ்யூ ஜன்னல் அடர் சிவப்பு என்று வைத்துவிட்டால் ஓரக்கண்ணிலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது காத்திருப்பு. யாரும் கூப்பிடாமலே டெவலப்பர் எடிட்டரை விட்டுப் போகும் நேரம் இது. டெஸ்ட் 8 நிமிடம் ஓடும் என்றால் அந்த 8 நிமிடம் சும்மா இருக்க யாராலும் முடியாது. மெயில், பிறகு ஸ்லாக், பிறகு இன்னொரு டிக்கெட். டெஸ்ட் முடிந்து கால் மணி நேரம் கழித்துத்தான் நினைவு வரும். இதைத் தன்னடக்கத்தால் சரிசெய்ய முடியாது; பில்டை வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் நாட்களிலேயே முழு பில்டும் 10 நிமிடத்துக்குள் என்று எல்லை வகுத்தார்கள். லோக்கலில் அதுவும் அதிகம். மாற்றம் தொட்ட டெஸ்ட்களை மட்டும் ஓட்டும் வசதி ஜெஸ்டில் உண்டு. போன தடவை விழுந்தவற்றை மட்டும் ஓட்டும் வசதி பைடெஸ்டில் உண்டு. சி.ஐ.யில் (ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் பைப்லைனில்) லின்ட்டையும் டைப் செக்கையும் முதலில் வையுங்கள். ஒரு கமா விட்டுப்போனதை 14-வது நிமிடத்தில் சொல்லும் பைப்லைன், அந்த மனிதர் வேறு உலகத்துக்குப் போன பிறகு தோளைத் தட்டுகிறது.

பிரவுசருக்குப் போய் பச்சையாகிவிட்டதா என்று ரெஃப்ரெஷ் செய்யும் பழக்கத்தையும் நிறுத்தலாம். கிட்ஹப் கமாண்ட் லைன் டூலில் பி.ஆர். செக்ஸை ‘வாட்ச்’ ஃபிளாக்கோடு ஓட்டினால் எடிட்டருக்குள் இருக்கும் டெர்மினலிலேயே முடிவு வந்து நிற்கும். அதன் பின்னால் ஒரு நோட்டிஃபிகேஷன் கமாண்டைச் சேர்த்துவிட்டால் முடிந்ததும் கூப்பிடும். லினக்ஸில் நோட்டிஃபை சென்ட், மேக்கில் ‘சே’. காத்திருக்கும் நேரத்தில் என்ன செய்வது என்றால், அதே வேலையின் இன்னொரு துண்டு: பி.ஆர். விளக்கம் எழுதுவது, சொந்த டிஃபை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை படிப்பது. தலைக்குள் இருக்கும் படம் கலையாது. அப்படிப் படிக்கும்போது பிடிபடும் தப்புகள் ஏராளம்.

ஏஐ ஏஜென்ட்கள் வந்த பிறகு இந்தக் காத்திருப்பு புது உருவம் எடுத்திருக்கிறது. ஒன்றுக்கு வேலை கொடுத்துவிட்டு, அது முடியும்வரை இன்னொன்றுக்கு, பிறகு மூன்றாவது. மூன்று பேர் வேலை நடக்கிற மாதிரி இருக்கும். ஆனால் மூன்று டிஃபையும் சரிபார்க்க வேண்டிய தலை ஒன்றுதான். கடினமான வேலை ஒன்று கையில் இருக்கும்போது பக்கத்தில் ஓட விடுவது, ஐந்து நிமிடத்தில் படித்து முடிக்கக்கூடிய வேலையாக மட்டும் இருக்கட்டும்: பெயர் மாற்றம், டெஸ்ட் டேட்டா, டாக்குமென்ட் திருத்தம்.

இனி சத்தம். ஒரு பி.ஆர். திறந்தால் கிட்ஹப்பிலிருந்து ஒரு மெயில், ஸ்லாக் பாட்டிலிருந்து ஒரு செய்தி, டிக்கெட் நிலை மாறியதாக ஜிராவிலிருந்து ஒரு மெயில். நடந்தது ஒன்று, வந்தது மூன்று. ஒவ்வொரு நோட்டிஃபிகேஷனையும் எடுத்து ‘இது வந்தால் யார் என்ன செய்வார்?’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் இல்லாதது அன்றைக்கே நிற்கட்டும். கிட்ஹப்பில் ரெப்போ வாட்ச்சை, பங்கேற்பவையும் பெயர் சொல்லிக் கூப்பிடுபவையும் மட்டும் என்ற நிலைக்கு மாற்றுங்கள். எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்று சொல்லும் கோடு ஓனர்ஸ் ஃபைலில் குழுவின் பெயர் இருந்தால் ஒவ்வொரு பி.ஆருக்கும் எட்டுப் பேருக்கும் மணி அடிக்கும். ஏழு பேர் வேறு யாராவது பார்ப்பார்கள் என்று விடுவார்கள். குழு செட்டிங்ஸில் கோடு ரிவ்யூ அசைன்மென்டை ஆன் செய்தால் ரவுண்ட் ராபின் (சுழற்சி) முறையில் ஒருவருக்குப் போகும், அவருக்கு மட்டும் தெரிவிக்கும்படியும் வைக்கலாம். ரிவ்யூ வேகமாகும், ஏழு பேருடைய கவனமும் பிழைக்கும்.

மனிதர்கள் அனுப்பும் செய்தியில் மிக விலை உயர்ந்தது “ப்ரோ, ஃப்ரீயா?” என்பதுதான். கேட்டவர் மரியாதையாகத்தான் கேட்கிறார். ஆனால் அந்த வரிக்குள் கேள்வி இல்லை. ‘சொல்லு’ என்று பதில் போட்டுவிட்டு அவர் டைப் செய்து முடிக்கும்வரை மூன்று புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கேள்வி முழுதாக ஒரே செய்தியில் வரட்டும் என்று குழு ஒரு தடவை பேசி முடிவு செய்துகொண்டால் போதும்: என்ன செய்ய முயன்றேன், என்ன பிழை வந்தது, எந்த லிங்க், எப்போதுக்குள் வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்லாமல், நல்ல கேள்வி ஒன்றை எடுத்து மாதிரியாகக் காட்டினால் தயங்காமல் கேட்கவும் கற்றுக்கொள்வார்கள். கேள்வியே வராமல் போவது இன்னும் மோசமான நஷ்டம். தலைபோகிற அவசரத்துக்குப் போன் கால் என்று ஒரே ஒரு வழியை வைத்துக்கொண்டால், ஸ்லாக்கை இரண்டு மணி நேரம் டி.என்.டி.யில் (தொந்தரவு செய்யாதே நிலையில்) போட மனம் துணியும். பயத்தால்தான் பலர் ஆஃப் செய்வதில்லை. பயத்துக்கு ஒரு வழி விட்டால் ஆஃப் செய்வார்கள்.

இதையும் தாண்டி வருவதை ஒருவர் வாங்கிக்கொள்ள வேண்டும். வாரம் ஒருவர் காவல் முறை: சப்போர்ட் கேள்வி, விழுந்த பில்ட், அலர்ட், மற்றக் குழுக்களின் சந்தேகம் எல்லாம் அவரிடம். கூகுளில் சேவைகளை ஓட வைக்கும் எஸ்.ஆர்.இ. குழுக்கள் 12 மணி நேர ஆன்கால் ஷிஃப்டுக்கு அதிகபட்சம் இரண்டு இன்சிடென்ட் என்று வரம்பு வைத்ததற்கும், இடையூறு வேலையையும் புராஜெக்ட் வேலையையும் ஒரே நேரத்தில் ஒருவரிடம் கொடுக்காதே என்று எழுதி வைத்ததற்கும் காரணம் உண்டு. நம் ஊர்க் குழுக்களில் இந்த முறை தோற்பது அநேகமாக ஒரே இடத்தில்தான்: காவலில் இருப்பவருக்கும் ஸ்பிரின்டில் முழு டிக்கெட் கொடுத்துவிடுகிறார்கள். அந்த வாரம் அவர் பெயரில் டிக்கெட் பூஜ்யமாக இருக்க வேண்டும். நேரம் கிடைத்தால் அலர்ட் சத்தத்தைக் குறைக்கும் வேலையை எடுத்துக்கொள்ளட்டும். பதில் தெரியாத கேள்விகளை அவர் உடனுக்குடன் சீனியரிடம் தள்ளினால் முறையே வீண். சேர்த்து வைத்து மாலை 4 மணிக்கு மொத்தமாகக் கேட்கட்டும்.

சென்னை, கோயம்புத்தூரிலிருந்து அமெரிக்க கிளையன்டுக்கு வேலை செய்பவர்களுக்கு இன்னொரு அடுக்கு இருக்கிறது. கம்பெனி லேப்டாப், அதற்குள் கிளையன்டின் வி.டி.ஐ. (தொலைவிலிருந்து இயங்கும் டெஸ்க்டாப்). இரண்டு டீம்ஸ், இரண்டு அவுட்லுக், சில இடங்களில் இரண்டு ஜிரா. இரண்டுக்கும் நடுவே காப்பி பேஸ்ட் ஓடாது. கம்பெனிப் பக்கம் மும்முரமாக டைப் செய்துகொண்டிருப்பவர் கிளையன்ட் பக்கம் 5 நிமிடம் அசையாததால் டீம்ஸில் மஞ்சளாகிவிடுவார், ஆளில்லை என்று பொருள். அதைப் பச்சையாக வைக்கவே இடையிடையே அங்கே போய் மவுஸை அசைக்கிறார்கள். இதற்கு நேர்மையான வழி ஸ்டேட்டஸ் மெசேஜ்: ‘கோடில் இருக்கிறேன், 12.30-க்குப் பதில் தருகிறேன்’ என்று கிளையன்டின் மொழியில் எழுதி, செய்தி அனுப்புகிறவருக்கு அது தெரியும்படியான டிக்கையும் போட்டுவிடுங்கள். 12.30-க்குச் சரியாகப் பதில் போடுங்கள். இரண்டு வாரம் அப்படி நடந்தால் பச்சை விளக்கை யாரும் தேடமாட்டார்கள்.

லாகின்கள் இவர்களுக்குத்தான் அதிகம் படுத்தும். காலையில் வி.பி.என்., கிளவுட், ஜென்கின்ஸ், லாக் டூல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் திறந்துவிடுங்கள். அமேசான் கிளவுடின் லாகின் சேவையான ஏ.டபிள்யூ.எஸ். ஐடென்டிட்டி சென்டரில் பெர்மிஷன் செட்டின் செஷன் நேரம் மாற்றாவிட்டால் 1 மணி; அட்மின் 12 மணி வரை கூட்டலாம். ரகசியத் தரவு உள்ள அக்கவுன்டில் கூட்டக் கூடாது, டெவ் அக்கவுன்டில் 8 மணி கேட்பதில் தப்பில்லை. பாதுகாப்புக் குழு அனுமதித்தால் எஸ்.எம்.எஸ். ஓ.டி.பி.க்குப் பதில் யு.எஸ்.பி. செக்யூரிட்டி கீ, போனைத் தொட வேண்டியதே இல்லை. போனைத் தொட்டால்தான் வாட்ஸ்அப் வருகிறது.

இவர்களிடம் மற்றவர்களுக்கு இல்லாத ஒரு சொத்தும் உண்டு. நியூயார்க்கில் காலை 9 மணி என்பது இங்கே கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. அதாவது நம் காலை 9.45 முதல் மதியம் 1 வரை கிளையன்ட் தூங்குகிறார். மூன்று மணி நேரத்துக்கும் மேல் யாரும் கேட்காத நேரம். அந்தப் பொன்னான நேரத்தில்தான் 10 மணிக்கு ஸ்டேட்டஸ் மீட்டிங், 11-க்கு சிங்க், 12-க்கு டைம்ஷீட் நினைவூட்டல் என்று உள்ளூர்க் கூட்டங்களைப் போட்டு நிரப்புகிறோம். மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்று என்றால் இதைத்தான் சொல்வோம்: உள்ளூர்க் கூட்டங்கள் எல்லாம் 4 மணிக்கு மேல் போகட்டும். இரவில் குவிந்த கிளையன்ட் செய்திகளை 9.15-க்கு உட்கார்ந்து அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு, அவுட்லுக்கை மூடிவிடலாம். கூகுள் காலண்டர் உள்ளவர்கள் ஃபோகஸ் டைம் போட்டு, அழைப்புகளைத் தானாக மறுக்கும்படி வைக்கலாம். மேனேஜரிடம் முன்பே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். சொல்லாமல் செய்தால் முதல் வாரமே அதை எடுக்கச் சொல்வார்.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் ஒரு காகிதத்தில் நான்கு கட்டம் போடுங்கள்: யாரோ கேட்டார், நோட்டிஃபிகேஷன், காத்திருப்பு, தகவல் தேடி. எடிட்டரை விட்டு வெளியே போகும் ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு கிழியுங்கள். மூன்று நாளில் எந்தக் கட்டம் நிரம்புகிறது என்று தெரியும். அந்தக் காகிதம் மேனேஜர் மேஜைக்குப் போகக் கூடாது. போனால் அடுத்த நாளே கோடுகள் பொய்யாகிவிடும். காத்திருப்புக் கட்டம் நிரம்பியிருந்தால் ஸ்லாக்கை எவ்வளவு அணைத்தாலும் பலன் இருக்காது. பில்டைத்தான் தொட வேண்டும். ‘தகவல் தேடி’ நிரம்பியிருந்தால் டிக்கெட்டில் லிங்க் இல்லை என்று பொருள். ஜிராவையும் கிட்ஹப்பையும் இணைத்திருந்தால், பிராஞ்ச் பெயரிலும் கமிட் மெசேஜிலும் டிக்கெட் எண் போட்டாலே அந்த மாற்றங்கள் டிக்கெட்டில் தெரியத் தொடங்கிவிடும்.

மாலை 6.30 கிளையன்ட் காலுக்கு முன் 6.20-க்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அன்றைக்குச் சரிசெய்யாத கோளாறுக்கு ஒரு டெஸ்ட் எழுதி, அது விழுவதைப் பார்த்துவிட்டு, விழுந்த நிலையிலேயே விடுங்கள். ரீஃபண்ட் விஷயமானால், ஒரே கீயோடு இரண்டு ரிக்வெஸ்டை ஒன்றாக விட்டு ஒரே ஒரு வரிதான் டேபிளில் இருக்க வேண்டும் என்று கேட்கும் டெஸ்ட். அதன் கீழே ரீட்ரை ஜாபுக்கு இன்னொன்று, பெயர் மட்டும் எழுதி, உள்ளே வெறும் ‘ஃபெயில்’. அந்த டெஸ்டை ஓட்டும் கமாண்ட் டெர்மினலில் கடைசியாக இருக்கட்டும். காலையில் மேல் அம்புக்குறியை ஒரு தடவை அழுத்தி என்டர் தட்டினால், முதல் சிவப்பு வரியே நேற்றைய சந்தேகத்தின் பெயராக இருக்கும்.